ஆறெழுத்து இருந்தால் டிக்கெட் ஆகிவிடாது

டிராவல் ஏஜென்ட் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கலர் பிரின்ட். மேலே விமானக் கம்பெனியின் சின்னம், நடுவில் என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும், திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவில் மாறி பிராங்க்பர்ட்டில் இறங்குவதாக நேரம், வலது மூலையில் ஆறெழுத்தில் ஒரு பி.என்.ஆர்., அதாவது பதிவு எண். அடியில் பச்சை எழுத்தில் ‘கன்ஃபர்ம்டு’. இதை ஃபைலில் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் நிம்மதியாகத் தூங்கினோம். அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது என்று தெரிந்தபோது, புறப்பட 11 நாள்தான் இருந்தது.

நாங்கள் பாளையங்கோட்டை. நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் 32 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். மணியார்டர் ஃபாரத்தில் பின்கோடு ஒரு எண் குறைந்தால் எழுதினவரிடமே திருப்பிக் கொடுத்தவள். இதை எழுதவே கூச்சமாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் மூடி வைத்தால் அடுத்த ஆளும் அதே நாற்காலியில் போய் உட்காருவார்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த சிநேகிதி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருபது வருஷமாக இருக்கிறாள். “ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயாச்சு, இன்னும் என்னட்டி யோசன? கிறிஸ்மஸுக்கு வந்து பொங்கல் கழிச்சுப் போங்க” என்று 2024 ஜூலையில் கூப்பிட்டாள். டிசம்பர் 5 போய் ஜனவரி 22 திரும்புவது, மொத்தம் 49 நாள் என்று முடிவு செய்தோம். அங்கே எங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, அந்த உறுதிமொழிக் கடிதத்தையும் வாங்கி அனுப்பிவிட்டாள். மிச்ச வேலை எங்களுடையது.

எங்கள் ஆலயப் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒருவர்தான் வண்ணார்பேட்டைப் பக்கம் ஓர் ஏஜென்டைக் காட்டிவிட்டார். “நம்ம பையன்தான், எல்லாத்தையும் அவனே பாத்துக்கிடுவான்.” போனோம். ஏ.சி. அறை, சுவரில் ஐஃபல் டவர், மேஜையில் பேரீச்சம்பழம். முப்பது வயசுப் பையன். “பயப்படாதீய அக்கா, நீங்க பெட்டியக் கட்டுனாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றான். கணக்கு எழுதிக் கொடுத்தான்: டிக்கெட் இரண்டுக்கும் 1,36,000. விசா, அப்பாயின்ட்மென்ட், ஃபைல் சார்ஜ் எல்லாம் சேர்த்து 52,000. இன்சூரன்ஸ் 14,000. ஆக மொத்தம் 2,02,000. ஐம்பதாயிரம் ரொக்கமாகக் கொடுத்தேன். மிச்சத்தை ஜிபேயில் இரண்டு நாளாக அனுப்பினேன். பணம் போன நம்பர் வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. “அது எங்க அக்கவுண்டன்ட்” என்றான். ரசீது என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தான். அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. கவனித்தேன், கேட்கவில்லை. தெரிந்தவர் சொல்லி வந்த இடத்தில் அதைக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவன் தொழில் நடத்துகிறான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் மணி சென்னையிலேயே அடித்தது. அக்டோபரில் நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, விசா மையத்தில் கைரேகை வைக்க வரிசையில் நின்றால், கவுண்டரில் இருந்த பெண் விசா கட்டணத்தைக் கட்டச் சொன்னாள். ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துத் தருகிற ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். ஏஜென்டுக்குக் கட்டியாகிவிட்டதே என்றேன். “எங்களுக்கு எதுவும் வரவில்லை மேடம், அப்பாயின்ட்மென்ட் எடுப்பதற்கும் நாங்கள் தனியாகப் பணம் வாங்குவதில்லை” என்றாள். அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டேன். “நீங்க கட்டிட்டு பில்லக் கொண்டாங்கக்கா, கழிச்சிக்கிடலாம்.” கட்டினோம். பில்லைக் கொடுத்தோம். இன்று வரை கழியவில்லை. இந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் நவம்பரில் பாஸ்போர்ட் விசா ஒட்டி வந்துவிட்டது, அசல் விசா. அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோனது.

நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. சிநேகிதி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். “ஏட்டி, ஒங்க வீட்டுக்காரருக்கு சுகர்ல்லா, பிளேன்ல டயபெட்டிக் சாப்பாடு கேட்டாச்சா? முன்கூட்டியே சொல்லணும், கம்பெனி வெப்சைட்ல நீயே போட்டுரலாம்.” சரி என்று உட்கார்ந்தேன். பி.என்.ஆர். போட்டு, பெயர் போட்டால் ‘பதிவு இல்லை’ என்று வந்தது. எங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் கட்டம் காலி. நம்மூரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் கோளாறு பெயரில்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் பெயரை இரண்டு தடவை போட்டேன், அப்பா பெயரைப் போட்டேன், இனிஷியலை முன்னால் போட்டேன், பின்னால் போட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு வைத்தார்: பதினான்கு தடவை. கடைசியில் விமானக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: இந்தப் பதிவு செப்டம்பரில் இருந்தது, குறித்த நேரத்துக்குள் பணம் கட்டி டிக்கெட் எடுக்காததால் தானாகவே ரத்தாகிவிட்டது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சூட்சுமம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை, முன்பதிவு இருந்தால் போதும். விசா கிடைக்காமல் போனால் நஷ்டமாகிவிடும் என்பதால் தூதரகங்களே விசா வந்த பிறகு டிக்கெட் வாங்கச் சொல்கின்றன. ஆகவே ஏஜென்ட் சீட்டைப் பிடித்து வைத்து ஒரு தாள் எடுத்துக் கொடுத்தது தப்பே இல்லை. அந்தப் பிடிப்பு சில நாளில் காலாவதியாகிவிடும், தாளில் இருக்கும் ஆறெழுத்து மட்டும் அப்படியே இருக்கும். டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, ‘கன்ஃபர்ம்டு’ என்று போட்டுக் கொடுத்துவிட்டு, விசா வந்த பிறகும் டிக்கெட் எடுக்காமல் இருந்ததுதான் மோசடி. உண்மையான டிக்கெட்டில் பி.என்.ஆர். தவிர இ-டிக்கெட் எண் என்று 13 இலக்கத்தில் ஒன்று இருக்கும், முதல் மூன்று இலக்கம் விமானக் கம்பெனியின் குறியீடு. என் தாளில் அது இல்லவே இல்லை. அது இருக்க வேண்டும் என்றே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய் நின்றோம். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “இது குரூப் ஃபேர் அக்கா, புறப்பட எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் டிக்கெட் விழும். எங்க பி.என்.ஆர். வேற, கம்பெனி பி.என்.ஆர். வேற. இதுக்குப் போயி சந்தேகப்படுதியளே!” இதில் பாதி உண்மை என்பதுதான் வேடிக்கை. பல பேருக்குச் சேர்த்து எடுக்கிற குரூப் ஃபேர் என்று ஒன்று உண்டு. ஏஜென்டுகளின் பதிவு எண்ணும் விமானக் கம்பெனியின் பதிவு எண்ணும் வேறாக இருப்பதும் உண்டு. ஆனால் அப்படியானால் கம்பெனி எண்ணைக் கேட்டவுடன் தர முடிய வேண்டும். “இ-டிக்கெட் நம்பரக் குடுங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் புதுத் தாள் வந்தது, இந்தத் தடவை எண்ணோடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டேதான். கள்ள நம்பர் போடுகிறவன் அதையாவது ஒழுங்காகப் போடக் கூடாதா? வீட்டுக்காரர் அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.

இதற்குள் டிசம்பர் டிக்கெட் விலை ஏறியிருந்தது. கிறிஸ்மஸ் சமயம், கேட்கவா வேண்டும். விமானக் கம்பெனியின் தளத்திலேயே நேரடியாக எடுத்தோம்: இருவருக்கும் 1,94,000. பணம் கட்டி நாலு நிமிஷத்தில் மெயில் வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று.

ஒன்று பொய் என்றால் மற்றதும் பொய்யாக இருக்குமே என்று அன்று ராத்திரி இன்சூரன்ஸ் தாளை எடுத்தேன். ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாலிசி எண்ணைக் கம்பெனியில் கேட்டால், அசல் பாலிசிதான், 49 நாளுக்கும் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவன் எங்களிடம் கொடுத்தது முதல் பக்கம் மட்டும். முழுப் பாலிசியையும் மெயிலில் கேட்டு வாங்கினேன். பிரீமியம் 7,300 ரூபாய், எங்களிடம் அவன் வாங்கியது 14,000. அதுகூடப் போகட்டும். மூன்றாம் பக்கத்தில் உடல்நலக் கேள்விகள். சர்க்கரை நோய் உண்டா? இல்லை. ரத்த அழுத்தம் உண்டா? இல்லை. தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறீர்களா? இல்லை. வீட்டுக்காரருக்கு வயது 63, பத்து வருஷமாகச் சுகருக்கும் பி.பி.க்கும் மாத்திரை போடுகிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ போட்டிருக்கிறான். அந்தக் குளிரில் அவருக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், நோயை மறைத்துவிட்டீர்கள் என்று ஒரு காசு வந்திருக்காது. டிக்கெட் ஏமாற்றாவது ஏர்போர்ட்டில் தெரிந்திருக்கும், இது அங்கே போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்திருக்கும். எனக்கு இதில்தான் அதிக ஆத்திரம்.

பயணம் தொடங்கவில்லை என்பதால் அந்தப் பாலிசியை ரத்து செய்ய முடிந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லி வேறு எடுத்தோம், பிரீமியம் கூடுதல்தான். சொல்லி எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே பணம் தருகிற பாலிசிகள் நிறைய உண்டு. அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னும் ஒரு சின்னக் கொள்ளை. ‘மைனஸ் 20 தாங்கும்’ என்று அவனுடைய மச்சான் கடையில் ஆளுக்கு 4,500 ரூபாய்க்கு ஜாக்கெட் எடுக்க வைத்தான். ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனில் வெளியே வந்து ஜிப்பை இழுத்தேன், பாதியில் பல் விட்டுவிட்டது. 49 நாளும் சிநேகிதியின் பழைய கோட்டில்தான் சுற்றினேன். உள்ளே போடுகிற தெர்மல், கம்பளி சாக்ஸ், குரங்கு குல்லா இங்கே வாங்கலாம். மேல்கோட்டை அங்கே போய் வாங்குங்கள், அல்லது சிநேகிதி வீட்டில் கடன் வாங்குங்கள்.

சாப்பாட்டுச் சாமானுக்கும் “என்ன வேணாலும் கொண்டு போங்க” என்றான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம்மூரிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ வாங்கி வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். கருப்பட்டி, சுக்கு, இட்லிப் பொடி எல்லாம் போய்ச் சேர்ந்தன. மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாகவே இருந்தது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். நாங்கள் மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு பழைய டீச்சர்களைப் பற்றிப் பேசினோம். ஆனால் அது வேறு கதை.

பணம். போலீஸ் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்த பிறகு 45,000 மட்டும் இரண்டு தவணையாகக் கொடுத்தான். அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். திரும்பி வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டு, பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமலும் நாமே வாதாடலாம். லெட்டர்பேட் ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள், பன்னிரண்டு இலக்க டிக்கெட் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் அவன் பதில் கொடுக்க வேண்டும், ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏஜென்டைக் காட்டிவிட்ட பாட்டுக் குழுக்காரர் ஒரு மாதம் என் கண்ணைப் பார்க்கவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து அவரே வந்தார். அவர் தங்கை குடும்பம் ஈஸ்டருக்கு லண்டன் போகிறதாம், அதே அறையில், அதே மாதிரி லெட்டர்பேடில். “அக்கா, அந்தத் தாள ஒருக்க பாத்துச் சொல்லுதியளா?” என்று கேட்டார். ஜெராக்ஸ் வேண்டாம், மூலத்தையே கொண்டு வரச் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறார்கள்.