ஐகானின் பொதுக் கருத்துக் கேட்பு: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

இணையப் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு, ஒரு கொள்கையையோ முக்கியமான ஒப்பந்தத்தையோ மாற்றுவதற்கு முன் உலகத்தாரிடம் கருத்துக் கேட்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கைத் தொடங்கினால் போதும். சில ஆண்டுகளாக இந்த வரைவுகளைப் படித்து, அவ்வப்போது கருத்தும் அனுப்பி வருகிறேன். பொதுமக்களுக்கென்று நடத்தப்படும் ஒரு சேவை என்பதால், அதை ஒரு சேவையாகவே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நிறைகள். வரைவு முழுமையாக வெளியிடப்படுகிறது. ஒப்பந்தத் திருத்தமாக இருந்தால், நீக்கிய வரிகளையும் சேர்த்த வரிகளையும் அடையாளமிட்டுக் காட்டும் பிரதியும் பெரும்பாலும் உடன் கிடைக்கும். வழக்கமான அவகாசம் 40 நாட்கள். வந்த கருத்துகள் பெயரோடு பொதுவில் வைக்கப்படுகின்றன. பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் தயாரித்த நீண்ட மனுவும், தனியொருவர் எழுதிய நான்கு வரியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. முடிவில் ஊழியர்கள் ஒரு தொகுப்பறிக்கை எழுதி வெளியிடுகிறார்கள். கேட்கும் வரை எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. கேட்டதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் என் வருத்தம் தொடங்குகிறது.

இணைய முகவரிகளின் முடிவில் வரும் .ஆர்க் (.org) பெயர்வெளியை நடத்தும் நிறுவனத்தோடு ஐகான் 2019ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தப் புதுப்பிப்பை எடுத்துக்கொள்வோம். தொண்டு நிறுவனங்களும் சங்கங்களும் பெரிதும் நம்பியிருக்கும் அந்தப் பெயர்வெளியில், ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் விலையை உயர்த்தக் கூடாது என்ற வரம்பு அதுவரை இருந்தது. அதை நீக்கும் வரைவுக்கு 3,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஏறத்தாழ அனைத்தும் எதிர்ப்பு. இருந்தும் அந்த ஜூன் இறுதியில் வரம்பு நீக்கப்பட்ட ஒப்பந்தமே கையெழுத்தானது. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல என்பதை நான் ஏற்கிறேன். 3,000 பேர் சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடாது. ஆனால் அத்தனை பேர் முன்வைத்த வாதங்கள் ஏன் ஏற்கத்தக்கவை அல்ல என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும் கடமை, வாக்கெடுப்பு இல்லை என்பதாலேயே இன்னும் கூடுகிறது. எண்ணிக்கையும் செல்லாது, எதிர்வாதத்துக்கு மறுமொழியும் கிடைக்காது என்றால், எழுதியவர் வேறு எதை நம்பி அடுத்த முறை எழுதுவார்?

அதே ஆண்டு நவம்பரில், .ஆர்க் பெயர்வெளியை நடத்தும் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரியை ஈதோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பேசப்பட்ட விலை 113.5 கோடி டாலர். பெரும் எதிர்ப்புக்கும் கலிஃபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் எழுதிய கடிதத்துக்கும் பிறகு, 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அதற்கு ஒப்புதல் மறுத்தது. விலை வரம்பு நீக்கத்தை எதிர்த்து இணையப் பெயர்களைப் பதிவு செய்து விற்கும் நேம்சீப் நிறுவனம் தொடுத்த, ஐகானின் செயலை வெளி நடுவர்கள் ஆராயும் தற்சார்பு மறுஆய்வில், வெளிப்படைத்தன்மை குறித்த தனது துணைவிதிகளையே ஐகான் மீறியதாக 2022 டிசம்பரில் நடுவர் குழு கூறியது. அதாவது, பிழையைத் திருத்தும் வழி இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடந்து முடிக்கப் பணமும் வழக்கறிஞரும் மூன்றாண்டுப் பொறுமையும் வேண்டும்.

அடுத்தது பிரதிநிதித்துவம். சாதாரணப் பயனர்களுக்காகப் பேச அட்-லார்ஜ் ஆலோசனைக் குழு இருக்கிறது. அதில் 15 பேர்: ஐந்து வட்டாரங்களுக்கு இருவர் வீதம் பத்துப் பேர், நியமனக் குழு தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர். ஒரு பயனர் அமைப்பு இந்த ஏற்பாட்டில் சேர வழி இருப்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் பயனர்களின் பெயரால் பேசும் எந்த அமைப்பிலும் உள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டும். நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கம், வேறொரு கலந்தாய்வுக்காக எங்களிடம் கருத்துகளைத் திரட்டி, 'உறுப்பினர்கள் ஒருமனதாக' என்று தொடங்கும் கடிதத்தை அனுப்பியது. மறுத்து எழுதிய மூவரில் நானும் ஒருவர். எங்கள் வரிகள் கடிதத்தில் எங்குமே இல்லை. மேலே இருப்பவர் கேட்பதில்லை என்று குறைகூறும் நாம், இடையிலேயே குரல்களை வடிகட்டிவிடுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மொழியிலும் குறை உண்டு. ஐகான் முதன்மையாகப் பயன்படுத்துவது ஐ.நா.வின் ஆறு மொழிகளை. எல்லா வரைவுகளும் அந்த ஆறிலும்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் இதே அமைப்பு எழுத்து முறைகளுக்கான விதிகளை வகுத்த விதம் பாராட்டுக்குரியது. இணையப் பெயரில் தமிழ் எழுத்துகள் எப்படி வரலாம் என்பதைத் தலைமையகம் தானே முடிவு செய்யவில்லை. தமிழ் உள்ளிட்ட ஒன்பது எழுத்து முறைகளை அறிந்தவர்கள் நியோ-பிராமி குழுவாகச் சேர்ந்து விதிகளை வரைந்தார்கள், அதன்பின் அவை பொதுக் கருத்துக்கு வந்தன. 'ஔ' என்பது ஓர் எழுத்து. 'ஒள' என்பது இரண்டு எழுத்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கணினிக்கோ வெவ்வேறு. இந்த ஒற்றுமையை வைத்து ஒருவர் போலிப் பெயரைப் பதிவு செய்ய முடியும் என்பது, அந்த எழுத்தில் அன்றாடம் படிப்பவருக்குத்தான் முதலில் உறைக்கும். பாதிக்கப்படுவோரை வரைவு எழுதும் இடத்திலேயே அமர்த்தினால் கலந்தாய்வின் தரம் எப்படி உயரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றத்தில் இன்னும் தாராளமாகப் பேசலாம், ஆனால் அதற்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இங்கே முடிவெடுக்கப்படுகிறது, ஆகவே இங்கே எழுதுவது வீண்போகாது என்றே நினைக்கிறேன். புதிதாக எழுதுவோர் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, தாங்கள் விரும்பும் மாற்று வாசகத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். 'எதிர்க்கிறேன்' என்று மட்டும் எழுதப்பட்டவை தொகுப்பறிக்கையில் ஒரே வரிக்குள் அடங்கிவிடும். அறிக்கை வெளிவந்ததும் உங்கள் வாதம் அதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முடிவால் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருந்தால் மறுபரிசீலனை கோரலாம். அதற்கான அவகாசம் 30 நாட்களே.