பட்டன் மேல் தப்பில்லை: வெளிச்சம் குறையாத லேப்டாப்புடன் மூன்று வருஷம்

வேளச்சேரியில் எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. ராத்திரி பத்தரைக்கு மேல் அம்மா ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். அதே ஹாலின் மூலையில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். "அந்த லைட்டைக் கொஞ்சம் குறைடா, கண்ணு கூசுது" என்பார். குறைக்க முடியவில்லை என்று சொன்னால் அவர் நம்பியதே இல்லை. டிவியில் முடிகிறது, போனில் முடிகிறது, இதில் மட்டும் ஏன் முடியாது? நியாயமான கேள்விதான்.

மெஷின் 2012 மாடல். 2019-இல் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். இன்டெல் ஐ5, உள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ், பிற்பாடு நான் போட்ட எஸ்எஸ்டி. விண்டோஸ் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் 2022-இல் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். வைஃபை, சவுண்ட், வெப்கேம் எல்லாம் முதல் நாளே வேலை செய்தன. எஃப்என்னோடு எஃப் 5, எஃப் 6 அழுத்தினால் மட்டும் சூரியன் படம் போட்ட பட்டை திரையில் அழகாக ஏறி இறங்கும்; திரையின் வெளிச்சம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாது.

வாங்கிய தெருவுக்கே கொண்டுபோனேன். ஒரு கடையில் பார்த்துவிட்டு, "கீபோர்டு போச்சு தம்பி, மாத்திடலாம்" என்றார்கள். "பட்டை நகருதேண்ணே, கீ வேலை செய்யாம அது எப்படி நகரும்?" என்றேன். "அப்ப டிஸ்ப்ளே" என்றார் அவர், சற்றும் அசராமல். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து இவிடெஸ்ட் என்ற சின்ன நிரலை ஓட்டினேன். எந்தப் பட்டனை அழுத்தினால் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, என்ன சேதி போகிறது என்று அது காட்டும். எஃப் 5-க்கு 224, எஃப் 6-க்கு 225. வெளிச்சத்தைக் குறை, கூட்டு என்பதற்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண்கள் அவைதான். இதில் எனக்கு ஆச்சரியம், சேதி வந்தது கீபோர்டிலிருந்தே இல்லை. 'வீடியோ பஸ்' என்ற தனிச் சாதனத்திலிருந்து. அதாவது பட்டனை அழுத்தியதும் மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் நிரல், ஏசிபிஐ என்ற இணைப்பு முறை வழியாக கெர்னலைத் தட்டி எழுப்புகிறது. கெர்னல் அதைப் பட்டன் சேதியாக்கி டெஸ்க்டாப்பிடம் தருகிறது. டெஸ்க்டாப் பட்டையை வரைந்து, வெளிச்சத்தை மாற்றச் சொல்லி ஓர் எண்ணைத் திருப்பி எழுதுகிறது. அந்த எண்ணை யாரிடம் கொடுக்கிறது என்பதில்தான் என் மெஷின் சறுக்கியது.

கெர்னல் வெளிச்சத்தை மாற்றும் சாதனங்களை 'பேக்லைட்' என்ற அடைவில் (ஃபோல்டரில்) வைத்திருக்கும். அங்கே எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஏசிபிஐ வீடியோ, பயாஸின் ஆள், மொத்தம் 10 படி. இன்னொருவர் இன்டெல் பேக்லைட், கிராஃபிக்ஸ் டிரைவரின் ஆள், அதிகபட்ச எண் 4882. இரண்டு பேர் இருந்தால் பயாஸின் ஆளுக்கே முன்னுரிமை என்பது உபுண்டுவில் வரும் நோம் டெஸ்க்டாப்பின் வழக்கம். என் பயாஸோ எண்ணை மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளும், திரையை மட்டும் தொடாது. கையால் இன்டெல் கோப்பில் 1000 என்று எழுதியதும் திரை சட்டென்று மங்கியது. ஆர்வக்கோளாறில் 0 எழுதிப் பார்த்தேன். திரை முழுக் கறுப்பு. போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. அப்படியே பார்த்துப் பார்த்து 2000 என்று அடித்து மீண்டேன். டிஸ்ப்ளே போகவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி.

இதற்கு அப்போது எல்லோரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: கெர்னலை ஏற்றிவிடும் கிரப் நிரலின் கோப்பில் 'ஏசிபிஐ பேக்லைட்' என்ற அளவுருவுக்கு 'வெண்டார்' என்ற மதிப்பு. போட்டேன். பயாஸின் ஆள் மறைந்தார், இன்டெல் மட்டும் மிஞ்சினார், பட்டன்கள் வேலை செய்தன. அம்மா நிம்மதியாகத் தூங்கினார். ஏன் வேலை செய்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

2023-இல் வழக்கமான அப்டேட் ஒன்றில் கெர்னல் 6.2 வந்து சேர்ந்தது. மறுநாள் பட்டை கூட வரவில்லை. பேக்லைட் அடைவு காலி. திரை முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி பக்கம் தண்ணீர் நின்ற கதை தெரிந்ததுதானே. கரண்ட் இல்லை, நெட் இல்லை. மறுநாள் அனுப்பவேண்டிய ஒரு கணக்கு ஃபைல் பாதியில். வெளிச்சத்தைக் குறைத்தால் இரண்டரை மணி நேரம் வரும் பேட்டரி, ஒன்றரையில் படுத்தது. எக்ஸ்ராண்டர் கட்டளையில் வெளிச்சம் குறைக்கலாமே என்று அதையும் செய்தேன். அது படத்தைத்தான் கறுப்பாக்கும். பின்னால் விளக்கு அதே பலத்தில் எரிந்துகொண்டிருக்கும். பேட்டரிக்கு ஒரு பைசா மிச்சமில்லை.

கரண்ட் வந்த பிறகு உட்கார்ந்து படித்ததில் விஷயம் புரிந்தது. 2022 டிசம்பரில் வந்த கெர்னல் 6.1-இல் இந்தப் பகுதியையே திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஹான்ஸ் டி கோட என்ற டெவலப்பர் முன்னின்று செய்த வேலை. ஒரே திரைக்கு இரண்டு மூன்று பேரைப் பதிவு செய்துவிட்டு டெஸ்க்டாப்பை ஊகிக்கவிடும் பழைய முறை போய், யார் பொறுப்பு என்று கெர்னலே முடிவு செய்கிறது. 'வெண்டார்' என்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் தனி டிரைவரிடம் கொடு என்று பொருள். என் மெஷினுக்கு அப்படி ஒன்று கிடையாது. பழைய கெர்னலில் எந்த வார்த்தை போட்டாலும் இன்டெல் ஆள் தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார், அதனால் மருந்து குருட்டாம்போக்கில் பலித்தது. புதிய கெர்னல் நான் சொன்னதை அப்படியே கேட்டது: இல்லாதவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, இருந்த இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் வருவது?

'வெண்டார்' என்பதை அழித்து 'நேட்டிவ்' (கிராஃபிக்ஸ் டிரைவரின் ஆளிடமே கொடு) என்று எழுதினேன். கிரப்பைப் புதுப்பித்து ரீஸ்டார்ட். அவ்வளவுதான். இப்போது உபுண்டு 24.04, கெர்னல் 6.8, இதுவரை பிரச்சினை இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டும் பார்த்தேன்: பழைய பயாஸ் என்பதால் கெர்னல் ஏசிபிஐ ஆளையே தேர்ந்தெடுக்கிறது, பட்டை ஆடுகிறது, திரை ஆடவில்லை. ஆக அது இருந்தே தீரவேண்டும். தங்கை 2022-இல் வாங்கிய ஏஎம்டி லேப்டாப்பில் இந்த ரோதனை எதுவும் இல்லை.

ஒரு குறை மட்டும் இன்னும் உண்டு. நோம் ஒரு அழுத்தலுக்கு 5 சதவீதம் என்று சமமாக நகர்த்துகிறது. மேலே 95-க்கும் 100-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. கீழே 10-இலிருந்து 5-க்கு இறங்கினால் பாதியாக விழுகிறது. அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, வேறு ஒரு பட்டன் சேர்க்கையில் கட்டிவைத்திருக்கிறேன். மே மாத மத்தியானம் பால்கனியில் முழு வெளிச்சம், ராத்திரி ஹாலில் 4882-இல் 150. நேற்று அதில் வேலை செய்துகொண்டிருந்தபோது அம்மா புரண்டு படுத்து, "இன்னும் தூங்கலையாடா?" என்றார். லைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.