பரிசுக்கு ஒரு மரப்பெட்டி: எந்த மூலைக்கு எந்த அலங்காரம்?

கையால் செய்து தரும் பெட்டியில் கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும், ஒரே ஓர் இடம். மூலையிலும் வேலைப்பாடு, மூடியிலும் செதுக்கல், பக்கங்களில் வண்ணம் என்று போனால் எதுவும் எடுபடாது. அதனால் மூலை இணைப்பையும் அலங்காரத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காமல் ஜோடியாக ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

மூலைக்கு மிக எளிய வழி, ஒரு பலகையின் முனையை இன்னொன்றின் மேல் நேராக வைத்து ஒட்டுவது. ஆனால் முனைமரம், அதாவது ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட முனைப்பக்கம், பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு குறைவு. மரக்குச்சி இறக்கினால் தாங்கும். முழுக்க வண்ணம் பூசப்போகும் பெட்டிக்கு இதற்கு மேல் தேவையில்லை.

பலருக்கும் ஆசை டவ்டெயில் மேல்தான். வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வதால் ஒரு திசையில் எவ்வளவு இழுத்தாலும் கழலாது. பற்களின் சரிவு மென்மரத்துக்கு 1:6 (6 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சாய்வு), வன்மரத்துக்கு 1:8 என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மேசை டிராயரை நாள்தோறும் இழுக்கிறோம், அங்கே இந்த வலு அவசியம். பரிசுப் பெட்டியை யாரும் அப்படி இழுப்பதில்லை. இங்கே டவ்டெயிலைத் தேர்ந்தெடுப்பது முழுக்க அழகுக்காக. அப்படியானால் அதுவே அலங்காரமாக இருக்கட்டும். மூடியை வெறுமையாக விட்டு, நல்ல மெருகு மட்டும் கொடுங்கள். நேரான பற்கள் கொண்ட ஃபிங்கர் ஜாயின்ட்டில் பசை பிடிக்கும் பரப்பு நிறைய. இயந்திர ரம்பம் இருந்தால் வேகமாக முடியும். கையால் அறுப்பவருக்கோ டவ்டெயில் அளவு உழைப்பு, அந்தப் பூட்டு மட்டும் கிடைக்காது.

பரிசுப் பெட்டிக்கு நான் கைகாட்டுவது மைட்டர், அதாவது 45 டிகிரியில் சீவிச் சேர்க்கும் மூலை. ஒரே பலகையிலிருந்து வலப்பக்கம், முன்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்று வரிசையாக அறுத்தால் மரத்தின் ரேகை மூலையில் அறுபடாமல் பெட்டியைச் சுற்றி ஓடும். மூன்று மூலைகளில் ரேகை பொருந்தும். பொருந்தாத நான்காவது, பின்பக்க மூலையாகப் போய்விடும். சிக்கல் துல்லியத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால் எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. அத்தனையும் கடைசி மூலையில் இடைவெளியாக வாயைத் திறக்கும். பசையிடும் முன் நான்கு பலகைகளையும் வெளிப்பக்கம் மேலே தெரிய வரிசையாக அடுக்கி, டேப் ஒட்டி, திருப்பிப் போட்டுச் சுருட்டிப் பார்த்தால் இந்தப் பிசகு தெரிந்துவிடும். வலுவும் குறைவுதான்; காய்ந்த பின் மூலைகளில் ரம்பத்தால் கீறல் போட்டு வேறு நிற மரத்தின் மெல்லிய தகட்டைச் செருகி ஒட்டினால் அந்தக் குறை தீரும்.

மைட்டர் மூலை அடக்கமாக இருப்பதால் மூடி அலங்காரத்துக்குக் காலியாகிறது. அங்கே செதுக்கலா, சூட்டுக்கோல் ஓவியமா? செதுக்க மென்மையான, ரேகை சீரான மரம் வேண்டும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். பழகாத கைக்கு அது தண்டனை. சூடான முனையால் வரைவதற்குக் கருவி குறைவு, வெளிர்நிற மரத்தில் கோடு பளிச்சென்று விழும், பெயரோ தேதியோ எழுத இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், ஏற்கெனவே மெருகிட்ட மரம் ஆகியவற்றைச் சுடக் கூடாது. பசையும் பூச்சும் எரிந்து எழும் புகை கெடுதலானது. வண்ணம் தீட்டத்தான் விருப்பம் என்றால் நல்ல மரத்தை வீணாக்காமல் எம்டிஎஃப்பையே எடுங்கள்.

மூடிக்குத் திடமரமா பிளைவுட்டா என்பதில் ஒரே விதி: திடமரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும், எனவே அதைச் சட்டத்தில் வெட்டிய நீள்பள்ளத்துக்குள் பசையில்லாமல் மிதக்கவிட வேண்டும். பிளைவுட்டை நாற்புறமும் ஒட்டலாம். கீலுக்குப் பித்தளைத் திருகாணி என்றால் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியால் துளையில் புரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பித்தளைத் தலை முறிந்து, தண்டு உள்ளேயே தங்கிவிடும்.

மெருகில் வெளிப்புறத்துக்கு எண்ணெய் ரேகையை ஆழமாகக் காட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவையுங்கள். உட்புறத்துக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் நிற்கும். ஆல்கஹாலில் கரைத்த அரக்கு சீக்கிரம் காயும், காய்ந்ததும் வாடையும் போய்விடும். வெள்ளி நகை வைக்கப்போகிறவருக்குத் தருவதானால் உள்ளே கம்பளித் துணி ஒட்டாதீர்கள்; அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும், பருத்தித் துணி போதும்.