போர்ட்ஃபோலியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பிள்ளைகளுக்கு மாடலிங் போர்ட்ஃபோலியோ, அதாவது வாய்ப்புக் கேட்டு அனுப்பும் போட்டோ ஆல்பம், எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து வந்தோம்.

என் தங்கைக்கு 22 வயது. புடவைக் கடை விளம்பரங்களுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று அவளே டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. ஸ்டுடியோக்காரர் காட்டிய ஆல்பம் அவ்வளவு அழகாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குள் மேலே ஒரு வட்ட வெளிச்சம், கீழே மெல்லிய கீற்று. முகத்துக்கு நேர் மேலே பியூட்டி டிஷ்ஷும் (வட்டத் தட்டு மாதிரி லைட்) மோவாய்க்குக் கீழே ரிஃப்ளெக்டரும் (வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பலகை) வைத்தால் அப்படி விழும் என்று, எங்களுக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவர் அப்புறம்தான் சொன்னார். இந்த ஸ்டுடியோவில் இருந்ததோ இரண்டே இரண்டு சதுர சாஃப்ட்பாக்ஸ் (துணி மூடிய லைட் பெட்டி); அதில் கண்ணுக்குள் சதுரமாகத்தான் வெளிச்சம் விழும். அதிலும் ஒன்று பாதி நேரம் எரியவில்லை. ஆல்பத்தில் இருந்தவை அவர்கள் எடுத்த படங்கள்தானா என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

பணம் வாங்கியவர் படம் எடுக்கும் அன்றைக்கு வரவே இல்லை. ஒரு பையன் வந்து கறுப்புத் திரைக்கு முன்னால் அவளை நிறுத்தினான். பின்னாலிருந்து தலைமுடிக்கு ஒரு லைட்கூட இல்லை. முடி திரையோடு கலந்துபோய் முகம் மட்டும் தனியாக மிதந்தது. இடம் போதாமல் கிட்டே வந்து, லென்ஸை 18 மி.மீ-இல், அதாவது அகலமாகக் காட்டும் அளவில், வைத்து எடுத்தான். அவ்வளவு பக்கத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகத்தான் தெரியும். எட்டி நின்று 85 மி.மீ மாதிரி லென்ஸில் எடுக்க வேண்டிய படம். "தம்பி, தள்ளி நின்னு எடுக்கலாமே" என்றேன். "எடிட்டிங்ல சரி பண்ணிடலாம்க்கா" என்றான்.

சரி பண்ணியதுதான் என்னால் தாங்க முடியாதது. என் தங்கை நல்ல கறுப்பு. பக்கவாட்டில் பெரிய, மென்மையான வெளிச்சம் வைத்தால் கன்னத்து மேட்டிலும் தோளிலும் அந்த நிறம் மினுங்கும். அந்த மினுமினுப்பே முகத்துக்கு வடிவம் கொடுக்கும். அவர்கள் நேராக வெளிச்சத்தை அடித்து, அப்புறம் கம்ப்யூட்டரில் வெள்ளையடித்து அனுப்பினார்கள். முகம் மாவு பூசியது போல, கழுத்தும் கையும் வேறு நிறம். தாடையில் இருக்கும் மச்சத்தைக்கூடக் காணவில்லை. அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் இப்படி இருந்தாத்தான் எடுப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

திருத்தாத படங்களைக் கேட்டோம். அதற்குத் தனியாக 3,000 என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை நீளவாக்கில் 1,600 பிக்சல். 12-க்கு 18 அங்குலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட நீளத்துக்கு 5,400 பிக்சல் வேண்டும். அந்த ஃபைல்களை வைத்து அந்த அளவில் நல்ல ஆல்பம் போடவே முடியாது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். எங்கள் ரசீதில் "போட்டோஷூட்" என்ற ஒரே வார்த்தைதான் இருக்கிறது, அதுதான் இப்போது சிக்கல். யார் எடுப்பார், எத்தனை படம், என்ன அளவு, ஒரிஜினல் ஃபைல் உண்டா, நிறத்தை மாற்றக் கூடாது என்பது வரை எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். லைட்டை ஒருமுறை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.