ஏலகிரியா, ஜவ்வாதா? வேலூர்ப் பக்கம் டென்ட் போடப் போகிறவர்களுக்கு

டிசம்பர் லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வேலூர் வந்தால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். மகனுக்கு நட்சத்திரம் பார்க்கணும், மச்சானுக்கு மலை ஏறணும், அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேணும். இதில் அம்மா கேட்பதை வைத்துத்தான் ஏலகிரி மலையா, ஜவ்வாது மலையா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. போட்டோவைப் பார்த்து முடிவு செய்தால் ராத்திரி ரெண்டு மணிக்குத் திண்டாட வேண்டியதுதான்.

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அனுமதி வாங்கிக்கொண்டு டென்டை நாமே தூக்கிப்போய் அடிக்கிறோம். இங்கே அப்படி இல்லை. தனியார் தோட்டத்தில் டென்ட் போட்டு, மெத்தை விரித்து, ராச்சாப்பாடு, காலை டிபனோடு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார்கள். காப்புக்காட்டுக்குள் இஷ்டத்துக்குப் போய்த் தங்க முடியாது. 2018இல் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு மலையேற்றத்துக்கும் கெடுபிடி கூடிவிட்டது. வனத்துறை அனுமதித்த பாதையில், வழிகாட்டியோடுதான் போகலாம்.

இந்த முறை ஏலகிரி போனோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர், ஏறுவதற்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மகள் ஒவ்வொரு பலகையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்ததில் வாந்தி எடுக்க மறந்துவிட்டாள்.

நாங்கள் தங்கிய தோட்டத்தின் பெயர் வேண்டாம். ‘ஏரி தெரியும்’ என்று போனில் சொன்னார்கள். தெரிந்தது பக்கத்து ரிசார்ட்டின் தண்ணீர்த் தொட்டி. டென்டின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது, மெத்தையில் ஈரவாடை. கேம்ப் ஃபயர் என்று போட்டிருந்தது, விறகுக்குத் தனிக்காசு. பக்கத்து டென்ட் காலேஜ் பசங்க நடுராத்திரி வரை ஸ்பீக்கர் பாக்ஸை அலறவிட்டார்கள், கேட்க ஆளில்லை. என் சிங்கப்பூர் கார்டு அங்கே எடுபடவில்லை, தங்கைதான் போனில் கட்டினாள்.

ஆனால் வேலை பார்த்த பையனைச் சொல்லியே ஆகணும். அம்மா குனிந்து டென்டுக்குள் நுழையப் படும் பாட்டைப் பார்த்தவன், ‘பெரியம்மா, நீங்க ரூம்ல கட்டில்ல படுத்துக்கங்க’ என்று அவனே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். விடிகாலையில் விறகடுப்பில் போட்ட வெந்நீரைப் பக்கெட்டில் தூக்கிவந்து கதவருகே வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனான். டிப்ஸ் நீட்டினால் ஓனரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

மச்சான் ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை உச்சிக்கு ஏறிவிட்டு வந்தார். புங்கனூர் ஏரியில் படகு, பசங்களுக்கு அது போதும். வயசானவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போவதானால் ஏலகிரிதான் சரி. கடை, ஆட்டோ எல்லாம் பக்கத்தில் உண்டு, ஜோலார்பேட்டை ஜங்ஷனும் மலைக்குக் கீழேதான். அமைதியை எதிர்பார்த்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்.

நட்சத்திரத்துக்கு ஜவ்வாது மலை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் இங்கிருந்தும் கண்டறிந்தார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் விடுவார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அந்த மலையில் இருட்டு இருட்டாகவே இருக்கும், அதனால்தான் தொலைநோக்கியை அங்கே வைத்தார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பீமன் அருவி, மலைத்தேன், சாமை என்று தனி ருசி. ஆனால் வசதி குறைச்சல். போன் சிக்னலை நம்ப முடியாது, டாய்லெட் எப்படி இருக்கும் என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கட்டுங்கள்.

அடுத்த லீவுக்கு மகனும் மச்சானும் மட்டும் ஜவ்வாது என்று பேசி முடித்தாயிற்று. அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து, பணமும் பெட்ரோலும் மலைக்குக் கீழே ஆலங்காயத்திலேயே முடித்துக்கொண்டு ஏறச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அன்றைக்கு ஆம்பூர் பிரியாணி, கத்திரிக்காயோடு.