ஒத்தைப் பிள்ளையா, நாலு பிள்ளைகளா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், ஓர் ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) ஒரு பெரியவர் சொன்னார்: “ஒத்தைப் பிள்ளைய நம்பாதய்யா. நாலு இருந்தா ஒண்ணாவது கொள்ளி போடும்.” வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

பெற்றவருக்கு முன்னால் ஒரு பிள்ளை போய்ச்சேரும் வாய்ப்பு 10 விழுக்காடு என்று வைப்போம் (கணக்குக்காக மட்டும்). ஒத்தைப் பிள்ளை என்றால் எல்லாம் இழந்து நிற்பதும் அதே 10 விழுக்காடு. நாலு என்றால் அத்தனை பேரையும் இழப்பது 10,000-இல் 1. பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் ஒருவரையாவது பறிகொடுக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு! அதை அவர் சொல்லவில்லை.

ரப்பர் தோட்டத்துப் பாட்டிகளுக்கு இது தெரியும். 1957-இல் மலாயாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 75 ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. அந்த விகிதத்தில் ஆறு பெற்றவளுக்கு ஒன்றையாவது புதைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். இன்று அந்த 75 பத்துக்கும் கீழே.

இப்போது பயமெல்லாம் மோட்டார் சைக்கிள்தான். ஒருவர் போவதற்கும் இன்னொருவர் போவதற்கும் தொடர்பில்லை என்று வைத்துப் போட்டதுதான் என் 10,000 கணக்கு; அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டாரில் ஏறினால் அது உடைந்துபோகும்.

இத்தனைக்குப் பிறகும் என் கட்சி ஒத்தைப் பிள்ளைதான். நாலு பேருக்காகத் தினமும் வாசலைப் பார்த்து நிற்க என்னால் ஆகாது.