பெங்களூரில் பழைய கன்வர்டிபிள் (கூரை திறக்கும் கார்): பாக்ஸ்டர் எஸ்ஸா, இசட்4 35ஐயா?

ஓட்டும் சுகம்தான் முக்கியமென்றால் போர்ஷே பாக்ஸ்டர் எஸ் (981 தலைமுறை). 3.4 லிட்டர், 315 குதிரைத்திறன், எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். வளைவில் சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் இங்கே மரத்தடியில் நிறுத்தினால் துணிக் கூரையின் வடிகால் துளைகளைச் சருகு அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கும். வாங்குமுன் மிதியடியைத் தூக்கி, கார்பெட்டைக் கையால் அழுத்தி ஈரம் பாருங்கள். முன் பம்பர் ரேடியேட்டர்களில் டார்ச் அடியுங்கள். அங்கே தங்கும் சருகு அரித்துவிடும்.

பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ (இ89 தலைமுறை) 306 குதிரைத்திறன். மடியும் உலோகக் கூரை வெயிலுக்கு நல்லது. மடித்தால் டிக்கி 310 லிட்டரிலிருந்து 180 ஆகிவிடும். ஸ்டார்ட் ஆக நேரமெடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ஹை பிரஷர் பம்பைச் சந்தேகியுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் சொல்லாமல் நிற்கும், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றால் பாடுதான்.

வெளிமாநிலப் பதிவென்றால் கர்நாடக வாழ்நாள் வரியையும் கணக்கில் சேர்த்தே பேரம் பேசுங்கள். ஈரமில்லாத பாக்ஸ்டர் கிடைத்தால் அதையே எடுக்கலாம்.